கையைத் தளர விடுங்கள்: பெரியவர்களுக்குத் தடுப்பூசி வலி குறைய

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 67 வயது. போன மாதம் அக்கிக்கான தடுப்பூசி முதல் டோஸ் போட்டார். ஊசி ஏறும்போதே துடித்துப்போனார். அன்று ராத்திரி காய்ச்சல், இரண்டு நாள் கையைத் தூக்கவே முடியவில்லை. இரண்டாவது ஊசிக்கு வரவே மாட்டேன் என்கிறார். எனக்கும் ஊசியைப் பார்த்தாலே தலை சுற்றும். குழந்தைகள் என்றால் பாட்டுப் பாடி, பொம்மை காட்டி என்னென்னவோ செய்கிறார்கள். பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா அக்கா?"

வேண்டாம் தம்பி. பல்லைக் கடிப்பதுதான் முதல் தப்பு. பல்லைக் கடித்தால் தோள் இறுகும். தோள் இறுகினால் கை இறுகும். இறுகிய தசைக்குள் ஊசி போனால் வலி கூடத்தான் செய்யும்.

நான் இங்கே 20 வருடத்துக்கும் மேலாகத் தாதியாக வேலை பார்க்கிறேன். தடுப்பூசி அறையில் கழிந்த காலம்தான் அதில் அதிகம். "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று உட்கார்ந்தவுடன் வாய்விட்டுச் சொல்கிற பெரியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே உட்காருவார்கள், கை மட்டும் நாற்காலிப் பிடியை விடாது. இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. ஊசிப் பயத்தினாலேயே ஃப்ளூ தடுப்பூசியைத் தவிர்க்கும் பெரியவர்கள் 100க்கு 16 பேர் என்று சில ஆண்டுகளுக்கு முன் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. உலகச் சுகாதார நிறுவனம் 2015ல் தடுப்பூசி வலியைக் குறைப்பதற்கென்றே தனியாகப் பரிந்துரைகள் வெளியிட்டது. அதில் குழந்தைகளோடு பெரியவர்களையும் சேர்த்தே பேசியிருக்கிறார்கள். ஆகவே வலி குறைவாகப் போடுங்கள் என்று கேட்பது சலுகை கேட்பதல்ல. கேட்டால் நாங்கள் செய்துகொடுக்கக்கூடியது நிறைய இருக்கிறது. கேட்காவிட்டால் எங்களுக்குத் தெரிய வழியில்லை.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு வந்தது ஒரு வலி அல்ல, இரண்டு. ஊசி தோலைத் துளைத்து, மருந்து தசைக்குள் இறங்கும் அந்தச் சில நொடி வலி ஒன்று. அன்று ராத்திரி தொடங்கி இரண்டு மூன்று நாள் கையில் கனமாக உட்கார்ந்திருக்கும் வலி இன்னொன்று. இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான், குத்தும் வலிக்காக முன்னாலேயே பனடோல் (பாரசிட்டமால் மாத்திரை) விழுங்கிவிட்டு வருகிறவர்களையும், மறுநாள் வலிக்காக மரத்துப்போகும் களிம்பு கேட்கிறவர்களையும் பார்க்கிறேன். இரண்டுமே பலன் தராது.

குத்தும் வலியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் பாதிக்கு மேல் நம் கையில் இருக்கிறது.

போன வருடம் ஒரு பெரியவர் வந்தார், எழுபதைத் தாண்டியவர். முழுக்கைச் சட்டை. கழற்றக் கூச்சப்பட்டு, சட்டைக் கையைச் சுருட்டிச் சுருட்டிப் புஜம்வரை ஏற்றிவிட்டார். துணி அங்கே கயிறு கட்டியதுபோல் இறுகிவிட்டது. அதற்குக் கீழே கை சிவந்து புடைத்திருந்தது. தோள்பட்டை எலும்பு எங்கே முடிகிறது என்று தொட்டுப் பார்க்கவே இடமில்லை. "ஐயா, இந்தப் பக்கச் சட்டையை மட்டும் கழற்றிவிடலாமா, திரையை இழுத்துவிடுகிறேன்" என்றேன். கழற்றினார். கையை மடியில் வைக்கச் சொன்னேன், உள்ளங்கை தொடைமேல் படும்படி. விரல்கள் மடங்கியே இருந்தன. "விரலை விரியுங்கள் ஐயா, கை உங்களுடையது இல்லை, யாரோ உங்கள் மடியில் வைத்துவிட்டுப் போனது என்று நினைத்துக்கொள்ளுங்கள்." விரல் விரிந்தது. விரல் விரிந்த கணமே முழங்கை இறங்கியது, தோள் காதை விட்டுக் கீழே வந்தது. தசையைத் தொட்டால் மாவு பிசைந்ததுபோல் இருந்தது. போட்டு முடித்துப் பிளாஸ்டர் ஒட்டும்போது, "இன்னும் போடலியா மிஸ்ஸி?" என்று கேட்டார்.

எல்லாருக்கும் இப்படி அமைந்துவிடாது. ஆனால் சட்டைக் கை, விரல், தோள் ஆகிய மூன்றையும் சரிசெய்யாமல் நான் ஊசியைக் கையில் எடுப்பதில்லை. அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள். புடவை கட்டுபவர் என்றால் அன்றைக்கு மட்டும் தளர்ந்த கை வைத்த ரவிக்கை போடட்டும். இறுக்கமான ரவிக்கைக் கையை மேலே ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. தையல் புஜத்தில் வெட்டிக்கொண்டு நிற்கும். அவசரத்தில் அதற்கு மேலேயோ கீழேயோ தவறான இடத்தில் ஊசி விழ வாய்ப்புண்டு. பஞ்சாபி சூட், டி-சட்டை எதுவானாலும் அகலமான கை இருந்தால் போதும். அறைக்குள் திரை கேட்பதற்கும், பெண் தாதியைக் கேட்பதற்கும் தயங்க வேண்டாம்.

இடம் என்று சொன்னேன். அதை நானே பட்டு அறிந்தவள். சில வருடங்களுக்கு முன் எனக்குப் போட்ட ஒரு தடுப்பூசி மிக மேலே, தோள் மூட்டுக்கு அருகில் இறங்கிவிட்டது. போட்டவர் நின்றுகொண்டிருந்தார், நான் உட்கார்ந்திருந்தேன். சட்டைக் கழுத்தைத் தோளுக்கு இழுத்துவிட்டு மேலிருந்து குத்தினார். இரண்டாம் நாள் தலைமுடி பின்னக் கையைத் தூக்கினேன், பாதியில் நின்றுவிட்டது. அந்தத் தோள் முழுதாகத் திரும்பி வர மாதக்கணக்கில் பிசியோதெரப்பி தேவைப்பட்டது. இது சாதாரண ஊசி வலி அல்ல. தசைக்குப் போக வேண்டிய மருந்து மூட்டை ஒட்டிய பைக்குள் போனதால் வரும் காயம். அரிதுதான், ஆனால் முழுக்க முழுக்கத் தவிர்க்கக்கூடியது. சரியான இடம், தோளின் வெளி விளிம்பில் தட்டுப்படும் எலும்பு முனையிலிருந்து இரண்டு மூன்று விரல்கடை கீழே, அக்குள் மட்டத்துக்கு மேலே, புஜத்தின் சதைப்பற்றான நடுப்பகுதி. போடுபவரும் உட்கார்ந்து, உங்கள் புஜத்துக்கு நேராக இருந்தால் இந்தத் தவறு நடக்க வாய்ப்புக் குறைவு. "நீங்களும் உட்கார்ந்து போடுகிறீர்களா?" என்று மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல தாதியும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மற்ற சில விஷயங்கள் எங்கள் பக்கத்து வேலை. உங்களுக்குத் தெரிந்திருந்தால் கவனித்துக்கொள்ளலாம். தோலைத் துடைத்த ஸ்பிரிட் நன்றாகக் காய வேண்டும். அரை நிமிடம் போல் பிடிக்கும். ஈரத்தோடு குத்தினால் ஸ்பிரிட்டும் ஊசியோடு உள்ளே போய்ச் சுரீர் என்று எரியும். பலர் ஊசி வலி என்று நினைப்பது இந்த எரிச்சலைத்தான். அடுத்து, அந்தக் காலத்தில் ஊசியைக் குத்திவிட்டு, ரத்தக்குழாயில் பட்டதா என்று பார்க்கப் பின்னால் இழுத்துப் பார்ப்போம். புஜத்தில் அந்த இடத்தில் பெரிய ரத்தக்குழாய் இல்லை. இழுத்துப் பார்ப்பதால் ஊசி உள்ளே அசைந்து வலிதான் கூடுகிறது. இப்போது தடுப்பூசிக்கு அது தேவையில்லை. 90 டிகிரியில் நேராக, தயங்காமல் குத்தி, மருந்தை இறக்கி, உடனே எடுத்துவிடுவதே வலி குறைந்த முறை.

ஊசியின் நீளத்தைப் பார்த்துப் பயப்படுவதும் உண்டு. பெரும்பாலான பெரியவர்களுக்கு 25 மில்லிமீட்டர் ஊசி. உடல் கனமானவர்களுக்கு, அதாவது 90 கிலோவுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் 118 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்களுக்கும், 38 மில்லிமீட்டர் வேண்டியிருக்கும். குட்டை ஊசி கேட்டு வாங்குவதில் லாபம் இல்லை. மருந்து தசைக்குப் போகாமல் கொழுப்பிலேயே நின்றுவிட்டால் சிவப்பும் வீக்கமும் அதிகமாகும்.

ஊசி இறங்கும் அந்த நொடியில் என்ன செய்வது? இருமுங்கள். லேசாக, தொண்டையைச் செருமுவதுபோல ஒருமுறை இருமி, அடுத்த இருமலின்போது ஊசி போடச் சொல்லுங்கள். வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் பெரியவர்களுக்கு இது பலன் தருவதாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையிலும் இருமலோ மூச்சை ஒரு கணம் நிறுத்துவதோ இருக்கிறது. இருமல் வராதவர்கள் மூச்சை ஆழ இழுத்து, வாயைக் குவித்து மெல்ல ஊதட்டும். ஊதும்போது உடல் தானாகத் தளரும். உங்கள் அம்மா போன்றவர்களுக்கு நான் பெரும்பாலும் பேச்சுக் கொடுப்பேன். மீன் குழம்புக்குப் புளியை எப்போது ஊற்றுவீர்கள் என்று கேட்டால், பதில் சொல்லி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும்.

பார்ப்பதா, பார்க்காமல் திரும்பிக்கொள்வதா என்பது ஆளைப் பொறுத்தது. பலருக்குத் திரும்பிக்கொள்வது நல்லது. சிலருக்குப் பார்த்தால்தான் நிம்மதி. அவர்களைக் கட்டாயப்படுத்தித் திருப்பக்கூடாது.

ஒன்றை மட்டும் வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம்: "ஒண்ணும் வலிக்காதும்மா." வலித்துவிட்டால் அடுத்த முறை உங்கள் பேச்சை அவர் நம்ப மாட்டார். "ஐயோ, ரொம்ப வலிக்குமா, கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்பதும் வேண்டாம், எதிர்பார்த்த வலி எப்போதும் கூடுதலாகவே தெரியும். "இப்போது போடப்போகிறேன்" என்று நாங்கள் சொல்வதுபோல நடப்பதை மட்டும் சொன்னால் போதும்.

இனி உங்கள் தலைசுற்றல். இது பயம் மட்டுமல்ல தம்பி, உடலின் ஒரு விசித்திரமான எதிர்வினை. ஊசியையோ ரத்தத்தையோ கண்டதும் சிலருக்கு முதலில் இதயத் துடிப்பு ஏறி, பிறகு திடீரென்று துடிப்பும் ரத்த அழுத்தமும் சரிந்துவிடும். மூளைக்கு ரத்தம் குறைந்து மயக்கம் வரும். தைரியசாலிகளுக்கும் வரும், என்எஸ் (தேசிய சேவை) முடித்த பிள்ளைகள் பலர் என் அறையில் சாய்ந்திருக்கிறார்கள். இப்படிப்பட்டவருக்கு "ரிலாக்ஸ் பண்ணுங்க" என்று சொன்னால் சரிவு இன்னும் வேகமாகலாம். இவர்களுக்கு வேண்டியது நேர் எதிரானது. சுவீடனைச் சேர்ந்த உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1980களில் வகுத்த முறை அது. இரண்டு காலையும் தொடையையும் வயிற்றையும், ஊசி போடாத கையையும் சேர்த்து நன்றாக இறுக்குங்கள். முகத்தில் சூடேறுவது தெரியும்வரை, 10 முதல் 15 நொடி. பிறகு பழைய நிலைக்கு வாருங்கள், முழுக்கத் துவண்டுவிட வேண்டாம். 20, 30 நொடி விட்டு மறுபடி இறுக்குங்கள். ஐந்து தடவை. ரத்த அழுத்தம் சரியாமல் நிற்கும். ஊசி போடும் கை மட்டும் இதில் சேரக்கூடாது, அது மடியில் தளர்ந்தே கிடக்கட்டும். கேட்கும்போது எளிது, முதல் தடவை செய்யும்போது இரண்டு கையும் சேர்ந்தே இறுகும். ஆகவே ஒரு வாரம் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து பழகிவிட்டு வாருங்கள்.

முன்பு மயங்கி விழுந்திருக்கிறீர்கள் என்றால் உள்ளே வந்தவுடன் அதைச் சொல்லுங்கள், படுக்க வைத்துப் போடலாம். வெறும் வயிற்றோடு வராதீர்கள். அரசாங்கப் பாலிகிளினிக்கில் காலையில் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் ரத்தப் பரிசோதனை, அதே வருகையில் தடுப்பூசியும் என்று வைத்துக்கொள்கிறவர்கள் நிறைய. ராத்திரியிலிருந்து சாப்பிடாமல் இருந்து, ரத்தமும் கொடுத்துவிட்டு, நேராக ஊசிக்கு வந்தால் யாருக்கும் தலை சுற்றும். ரத்தம் கொடுத்ததும் கீழே போய் ஒரு மைலோவும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். விரத நாளானால் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். ஊசி முடிந்து 15 நிமிடம் உட்காரச் சொல்வதும் இந்த மயக்கத்தையும், மிக அரிதாக வரும் ஒவ்வாமையையும் கவனிக்கத்தான். "எனக்கு ஒன்றுமில்லை, பஸ் வந்துவிடும்" என்று ஓடி, லிஃப்டில் விழுந்து தலையில் அடிபட்டுக்கொள்ள வேண்டாம்.

மரத்துப்போகும் களிம்பைப் பற்றிச் சுருக்கமாக. எம்லா என்ற பெயரில் கிடைப்பது. லிடோகெய்ன், பிரிலோகெய்ன் இரண்டும் கலந்தது. பூசி, மேலே பிளாஸ்டிக் ஒட்டு போட்டு ஒரு மணி நேரம் மூடி வைத்தால்தான் வேலை செய்யும். வந்து உட்கார்ந்த பிறகு கேட்டுப் பயனில்லை. அதுவும் தோலைத்தான் மரக்கச் செய்யும், தசைக்குள் மருந்து இறங்கும் வலியையோ மறுநாள் வலியையோ குறைக்காது. ஊசிப் பயம் மிகுந்தவர்களுக்கு நல்ல துணை, மற்றவர்களுக்கு அவசியமில்லை. சரியான இடத்தில் பூச வேண்டும் என்பதால் தாதியிடமோ மருந்தாளரிடமோ முன்பே இடத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முக்கியமான எச்சரிக்கை: ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைப் பூசக்கூடாது, பிரிலோகெய்ன் அவர்களுடைய ரத்தத்தைப் பாதிக்கலாம். சிங்கப்பூரில் 1965 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தக் குறைபாட்டைப் பரிசோதித்து வருகிறார்கள், அதனால் இங்கே பிறந்தவர்களுக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்கும். ஊரிலிருந்து வந்து குடியேறிய பெற்றோருக்குத் தெரியாமலேயே இருக்கலாம்.

இப்போது அம்மாவை உண்மையில் பயமுறுத்திய அந்த இரண்டாவது வலிக்கு வருகிறேன்.

அக்கித் தடுப்பூசி ஷிங்ரிக்ஸ், வலியில் மற்றவற்றைவிட ஒரு படி மேல். 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய சோதனைகளில் 100க்கு 78 பேர் ஊசி போட்ட இடத்தில் வலி என்றார்கள். 100க்கு சுமார் 45 பேருக்கு உடல்வலியும் அசதியும். காரணம் அதில் சேர்த்திருக்கும் தூண்டுபொருள். அதன் ஒரு பகுதி தென் அமெரிக்காவின் குயில்லாயா என்ற மரத்துப் பட்டையிலிருந்து எடுப்பது. வயதாக ஆக நம் எதிர்ப்புச் சக்தி மந்தமாகிவிடுகிறது, வைரஸின் ஒரு துண்டை மட்டும் காட்டினால் அது கண் திறக்காது. தூண்டுபொருள் அதைத் தட்டி எழுப்புகிறது. எழுந்த அணுக்கள் புஜத்தில் கூடி வேலை செய்யும்போது வருவதுதான் அந்த வீக்கமும் கனமும் காய்ச்சலும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். அக்குளில் நெறி கட்டினாலும் பயப்பட வேண்டாம், தானாக வற்றும். அம்மாவுக்கு யாரும் தப்பாகப் போட்டதாக எனக்குத் தோன்றவில்லை, நீங்கள் சொல்வது எல்லாம் இந்த ஊசிக்கு உரிய வலிதான். இதை அவரிடம் முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் பாதிப் பயம் இருந்திருக்காது.

இதற்காக முன்னெச்சரிக்கையாகப் பனடோல் போட்டுக்கொண்டு வர வேண்டாம். குத்தும் வலியை அது குறைக்காது. கைக்குழந்தைகளிடம் 2009ல் வெளியான ஓர் ஆய்வில், தடுப்பூசியோடு பாரசிட்டமாலை முன்கூட்டியே கொடுத்தபோது எதிர்ப்புச் சக்தி சற்றுக் குறைந்ததாகத் தெரிந்தது. பெரியவர்களிடம் அப்படிப் பாதிப்பு இருப்பதாக நிரூபணமாகவில்லை என்றாலும், வராத வலிக்கு மருந்து எதற்கு? வலியோ காய்ச்சலோ வந்த பிறகு தாராளமாகப் போட்டுக்கொள்ளட்டும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றோ இரண்டோ, ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகாமல். கல்லீரல் கோளாறு இருந்தால் டாக்டர் சொல்லும் அளவு. சளி மருந்துகள் சிலவற்றிலும் பாரசிட்டமால் கலந்திருக்கும், இரண்டையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

இபுப்ரூஃபன் என்ற வலி மாத்திரையில் நான் கொஞ்சம் கண்டிப்பு. சிறுநீரகப் பிரச்சினை, வயிற்றுப் புண், ரத்தம் உறையாமலிருக்க மருந்து என்று இருப்பவர்களுக்கு அது கூடாது. அதோடு நாம் இருப்பது டெங்கி உள்ள ஊர். தடுப்பூசிக் காய்ச்சல் ஓரிரு நாளில் தணிய வேண்டும். இரண்டு நாளைத் தாண்டியும் நின்றால் அதைத் தடுப்பூசியின் தலையில் போட்டுவிட்டு வீட்டில் இருக்காதீர்கள், டாக்டரைப் பாருங்கள். டெங்கியாக இருந்துவிட்டால் இபுப்ரூஃபனும் ஆஸ்பிரினும் ரத்தக் கசிவைக் கூட்டும்.

வீட்டுக்குப் போனதும் கையை அசையுங்கள். கோவிட் சமயத்தில், 2021ல், கடுமையான உடற்பயிற்சியைச் சில நாள் தவிர்க்கும்படி சுகாதார அமைச்சு சொன்னது. அது இதயத் தசை அழற்சியை மனத்தில் வைத்து, எம்ஆர்என்ஏ வகைக் கோவிட் ஊசிகளுக்குச் சொன்னது. பலர் அதை எந்த ஊசி போட்டாலும் கையை அசைக்கவே கூடாது என்று பிடித்துக்கொண்டார்கள். தொங்கப் போட்டு வைத்தால் தசை இன்னும் விறைக்கும். மணிக்கொரு தடவை தோளை மெல்லச் சுழற்றட்டும், கையை முன்னால் நீட்டி மடக்கட்டும், துணி மடிக்கட்டும். பேரப்பிள்ளையைத் தூக்குவது, அரிசி மூட்டை தூக்குவது மட்டும் இரண்டு நாள் வேண்டாம். அதற்காகத்தான் வெள்ளிக்கிழமை ஊசியை வைத்துக்கொள்ளச் சொல்வேன், சனி ஞாயிறு நீங்கள் வீட்டில் இருந்து பார்த்துக்கொள்ளலாம். கட்டுமானத் தளத்தில் வேலை பார்க்கும் தம்பிகள் ஓய்வு நாளுக்கு முந்தின மாலையில் போட்டுக்கொள்வது நல்லது. எழுதாத, சமைக்காத கையில் போடச் சொல்லுங்கள். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்து அக்குள் நெறிக்கட்டி எடுத்த பக்கமும், டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த கையும் இருந்தால் அந்தக் கையில் வேண்டாம் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

ஐஸ் ஒத்தடம் நல்லது. துணியில் சுற்றி, பத்து நிமிடம். அடுத்து எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் செய்வது: ஆக்ஸ் பிராண்ட் எண்ணெயோ டைகர் பாமோ எடுத்துப் பரபரவென்று தேய்ப்பது. என் அம்மாவும் செய்தவர்தான், தலையணைக்கு அடியிலேயே போத்தல் இருக்கும். ஊசி போட்ட இடத்தில் மட்டும் அதை வேண்டாம் என்று நான் அவரிடம் கெஞ்சியிருக்கிறேன். ஏற்கெனவே சூடாகி வீங்கிய தோலை அது இன்னும் எரிச்சலூட்டும், தேய்க்கத் தேய்க்கத் தசை நோகும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு மெத்தில் சாலிசிலேட் கலந்த தைலங்கள் ரத்தக் கசிவையும் கூட்டக்கூடும். அவர்களுக்கு ஊசி எடுத்தபின் இரண்டு நிமிடமாவது பஞ்சை அழுத்திப் பிடிக்க வேண்டும், தேய்க்காமல்.

ஒரே நாளில் இரண்டு ஊசி என்றால், வலி அதிகமானதைக் கடைசியில் போடச் சொல்லுங்கள். முதலில் ஃப்ளூ, பிறகு ஷிங்ரிக்ஸ். ஒரு கைக்கு ஒன்றாகப் போட்டால் எந்த வலி எதனால் என்றாவது தெரியும். ஆனால் உங்கள் அம்மாவின் நிலையில் நான் அன்றைக்கு ஷிங்ரிக்ஸை மட்டும் வைத்துக்கொள்வேன். ஃப்ளூவுக்கு இன்னொரு நாள் வரலாம்.

எப்போது கவலைப்பட வேண்டும்? முகம், உதடு வீங்கினால், மூச்சுத் திணறினால், உடம்பெல்லாம் தடித்தால் உடனே 995. மூன்று நாளுக்குப் பிறகும் சிவப்பு பரவிக்கொண்டே போனால், அல்லது இரண்டு வாரமாகியும் தோளைத் தூக்க முடியாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். தோளைப் பற்றி என்றால் "ஊசி போட்டபிறகு" என்று மறக்காமல் சொல்லுங்கள், அந்த ஒரு வார்த்தையில்தான் டாக்டர் மூட்டைப் பார்ப்பதா தசையைப் பார்ப்பதா என்று முடிவெடுப்பார்.

இவ்வளவு வலித்தும் இரண்டாவது ஊசி வேண்டுமா என்று அம்மா கேட்பார். வேண்டும் என்றே நான் சொல்வேன். பாதுகாப்பு 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் 90 விழுக்காட்டை ஒட்டி இருந்ததாகச் சோதனைகள் காட்டியது இரண்டு டோஸும் போட்டவர்களிடம்தான். அக்கி வந்து, கொப்புளம் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் நரம்பு எரிந்து, புடவை முந்தானை படுவதைக்கூடத் தாங்க முடியாமல் ஒரு மூதாட்டி என் முன் உட்கார்ந்திருந்தார். அந்த வலிக்கு முன் இந்த இரண்டு நாள் வலி ஒன்றுமில்லை. 2025 செப்டம்பரிலிருந்து 60 வயதுக்கு மேற்பட்டோருக்கான தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இது சேர்ந்திருக்கிறது, தகுதியுள்ள சிங்கப்பூரர்களுக்கு மானியமும் உண்டு. பாலிகிளினிக்கிலோ, சாஸ் என்ற அரசாங்க மானியத் திட்டத்தில் உள்ள கிளினிக்கிலோ கேட்டால் அம்மாவுக்கு எவ்வளவு என்று சொல்வார்கள்.

தேதியைப் பொறுத்தவரை அவசரம் இல்லை. முதல் ஊசிக்கும் இரண்டாவதுக்கும் இடையே இரண்டு முதல் ஆறு மாதம் இருக்கலாம். போன மாதம்தான் முதல் ஊசி என்றால் அம்மாவை இப்போதே நெருக்க வேண்டாம், மனம் ஆற விடுங்கள். ஏதோ காரணத்தால் ஆறு மாதம் தாண்டிவிட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்டுப்போன அந்த ஓர் ஊசியைப் போட்டால் போதும். பதிவு செய்யும்போதே, "அம்மாவுக்குப் போன தடவை ரொம்ப வலித்தது, கொஞ்சம் நேரம் எடுத்துப் போட முடியுமா" என்று சொல்லிவிடுங்கள். நீங்களும் கூட வாருங்கள், ஊசி போடாத பக்கத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார ஒரு நாற்காலி எப்போதும் உண்டு.